உன் பக்கம் வராத பந்து

என் மச்சான் சேகருக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் கடிதம் எழுதிப் பழக்கம். உன்னிடம் அதைக் கேட்க முடியாது. இங்கே நாங்கள் இருக்கிறோம். சிதம்பரத்தில் என் ஹார்டுவேர் கடை ஓடுகிறது. முதுநகர் வீட்டில் உன் பெண்டாட்டி, என் தங்கச்சி வசந்தியும், மகள் கயலும் இருக்கிறார்கள். போன மாதம் உன் முதல் வருஷத் திதி முடிந்தது. ஐயர் தாமதமாகத்தான் வந்தார். நீ இருந்திருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய்.

தெருப் பையன்கள் ஃப்ளெக்ஸ் வைக்க ஆசைப்பட்டார்கள். இந்தியாவுக்காக நீ ஹாக்கி ஆடுகிற படம் வேண்டுமாம். தேடினோம். கோல் போட்டவனைக் கட்டிப்பிடிக்கும் கூட்டத்தில் உன் முதுகு இருக்கிறது. பெனால்டி கார்னரைத் தடுக்கிற படம் ஒன்றில் நாலு பேரும் முகமூடி மாட்டியிருக்கிறீர்கள். பையன்கள் அதில் ஒருவனைப் பெரிதாக்கி, தெருமுனையில் கட்டி, மாலையும் போட்டுவிட்டார்கள். வசந்தி ஒரு தடவைதான் பார்த்தாள். "அண்ணே, இது எம்புருஷன் இல்ல. அவர் காலு இவ்ளோ நேரா இருக்காது." உயிரோடு இருக்கிற எவனுக்கோ கண்ணீர் அஞ்சலி வைத்திருந்தோம், மச்சான். அவசரமாக அவிழ்த்தோம். அந்தப் புண்ணியவான் நூறு வயசு இருக்கட்டும்.

கோல் போடாமல், வலது பக்கம் தடுத்து நிற்கிற ரைட் பேக் ஆடியவனுக்கு இதுதான் கதி. உன் ஆட்டம் டிவியில் வந்தால் தெருவே உங்கள் வீட்டில் கூடும். "நம்மாளக் காட்டவே மாட்டேங்கிறானே" என்று அலுத்துக்கொள்ளும். வசந்தி மட்டும் உன்னைக் காட்டிவிடக் கூடாது என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "அவரக் காட்டுனா கோல் வாங்கிட்டோம்னு அர்த்தம். கம்முனு இருங்க" என்பாள். உன் முகம் தெரியாமலே ஆட்டம் முடிந்தால் எல்லார் கையிலும் சர்க்கரை வைப்பாள். வேறு எந்த வீட்டில் நடக்கும் இந்தக் கூத்து?

இப்போது உன்னைக் காட்டுகிறார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கயல் எட்டாவது படிக்கிறாள். பள்ளி டீமில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள். திதி முடிந்த வாரம், எவனோ வாட்ஸப்பில் ஒரு துண்டு வீடியோவை விட்டான். நாம் தோற்ற அந்த அரையிறுதி. கடைசி நிமிஷம், எதிராளி அடித்த பந்து உன் மட்டையில் பட்டு நம் கோலுக்குள் போகிறது. "ஒங்கப்பா போட்ட ஒரே கோலு" என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அவள் பஸ் பிடித்து என் கடைக்கு வந்து, ஹாக்கி மட்டையை மேசைமேல் போட்டாள். "மாமா, இத நீயே வச்சிக்க. நான் கிரவுண்டுக்குப் போறதில்ல." அடுத்த வாரம் மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கிற தேர்வு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாரைப் போய் அடிப்பது? வசந்திக்குப் போன் போட்டால், "விட்டுருண்ணே. இவளாச்சும் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கயலை வீட்டுக்குக் கூப்பிட்டேன். இணையத்தில் அந்த ஆட்டம் முழுசாக இருந்தது. துண்டைப் பார்த்தவள் முழுசையும் பார்க்கட்டும் என்று டிவியில் போட்டேன். முதல் பாதியில் அவளுக்கு எரிச்சல். "அப்பா எங்க மாமா? ஆளையே காணும்?" கொஞ்ச நேரம் கழித்து எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "மாமா, இந்த ஒசரமானவன் பந்த எடுத்துகினு வரான், நம்ம ரைட்டு பக்கம் பாக்குறான், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் போயிடுறான். ஏன்?"

"இந்தப் பக்கம் ஒங்கப்பன் நிக்கிறான்ல. ஏற்கெனவே ரெண்டு வாட்டி வாங்கிக் கட்டிகினான்."

அப்புறம் அந்தக் கோல் வந்தது. இடது பக்கத் தடுப்பு உடைந்திருந்தது. நீ உன் இடத்தை விட்டு குறுக்கே ஓடிவந்து விழுந்தாய். நீ தொடாவிட்டால் அது வெளியே போயிருக்குமா, மச்சான்? நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தவரை கேட்க வாய் வரவில்லை. கயல் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டத்தைப் பின்னுக்கு ஓட்டச் சொல்லி, அந்த உயரமானவன் திரும்பிப் போகிற இடத்தைத்தான் மறுபடி பார்த்தாள். போகும்போது மட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தேர்வுக்கு நான்தான் கூட்டிப்போனேன். உன் மகள் என்று தெரிந்ததும் கோச் எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப டிஃபென்ஸ்தானம்மா?" என்று அவரே எழுதப் போனார்.

"இல்ல சார். ஃபார்வர்டு."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "என்னாடி இது? ஒங்கப்பன் எடத்த விட்டுட்ட?"

"அந்த ஒசரமானவன் அப்பாவப் பாத்துட்டுத் திரும்பிப் போனான்ல மாமா? நான் திரும்ப மாட்டேன்."

குறிஞ்சிப்பாடி தாண்டுகிற வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது, மறைப்பானேன்.

அவளை மாவட்ட டீமில் எடுத்துவிட்டார்கள். இனி ஞாயிறுதோறும் அவளுக்கு எதிரில் கோலில் நான் நிற்பேன். வயிறு ஜாஸ்தியாகிவிட்டது, குனிந்தால் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் உன் மகளாச்சே என்று ஒரு பந்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். என்னைத் தாண்டித்தான் போகட்டும். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
உன் மச்சான்
முருகையன்