இயந்திரம் எழுதிக் கொடுத்த மன்னிப்பு

சிம்தேல், கோடாங்.
சாவன் மாதம், மழை விடாத ஒரு நாள்.

அன்பு மகள் சுப்னிமாவுக்கு,

உன் அப்பா ஹர்கராஜ் ராய் எழுதுகிறேன். யாரையும் பிடித்து எழுதச் சொன்னது அல்ல. நானே, என் விரலால், ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பெயரை எழுதி முடித்ததும் எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பெயர் அங்கேயே இருந்தது! சிரிக்காதே.

வீட்டில் எல்லாரும் நலம். கேழ்வரகு நாற்று நட்டாகிவிட்டது. பன்றி குட்டி போட்டிருக்கிறது. உன் அம்மா என்னைவிட அதை நன்றாகக் கவனிக்கிறாள். மூடுபனியால் விமானம் வரவில்லை. மலைமுகட்டைக் கண்ணால் பார்க்காமல் நம் ஊர்ப் பைலட்டுகள் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியாததா? வானம் திறக்கிற அன்று இந்தக் கடிதம் காட்மாண்டு போகும். அங்கிருந்து உன் பாலைவன ஊருக்கு வேலைக்கு வரும் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள்.

எழுதப் படிக்க நான் புதிதாகச் சேர்ந்திருக்கும் எழுத்து வகுப்பில் எல்லாரும் பெண்கள், ஆண் நான் ஒருவன். கடைக்காரப் பசாங் கேலி செய்கிறான். "அண்ணே, போன்ல பேசுனா அதுவே எழுதிடுது, அதுவே படிச்சும் காட்டுது. இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு?" என்றான். "உன் கடை தொங்பாக் கள்ளையும் போனே குடிச்சிடுமாடா?" என்று கேட்டேன். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அன்றைக்கு என் தொங்பாக் குவளையில் ஊறும் கேழ்வரகுக்கு இரண்டாம் முறை வெந்நீர் ஊற்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாதக் கடைசிக்குள் உன் விமானக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாய். போன் அதைப் படித்துக் காட்டியது. பயணிகளோடு பறக்கும்போது ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டியது ஆபத்தான செயல், என் தவறை உணர்கிறேன், இனி ஒருபோதும் செய்ய மாட்டேன் என்று இருந்தது. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. உடனே உன்னைப் போனில் கூப்பிட்டாள். "எவ்ளோ மரியாதையா இருக்கு! கையெழுத்தப் போட்டு அனுப்பிடு" என்றாள். நான் உன்னிடம் கேட்டேன், "இத நீயாம்மா எழுதினே?" என்று. "இல்லப்பா. கம்ப்யூட்டர்கிட்ட சொன்னேன், அது எழுதிக் குடுத்துச்சு. எனக்கு எழுத மனசே வரல" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். இதை யாரும் என் கையிலிருந்து பிடுங்க முடியாது.

நீ என்ன தவறு செய்தாய்? வானம் தெளிவாக இருந்தது. பக்கத்தில் இருந்த கேப்டன் "சரி, ஓட்டு" என்றார். அலுங்காமல் இறக்கினாய். பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியக்கூட இல்லை. ஆனால் விமானத்தில் இருக்கும் பதிவுப் பெட்டி ஆபீசுக்குச் சொல்லிவிட்டது. "மெஷின் உங்களவிட நல்லா ஓட்டுது, நீங்க பார்த்துக்கிட்டு இருந்தா போதும்" என்று உன் கம்பெனியின் பெரிய அதிகாரி சொன்னாராம். கேப்டன் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அவருக்கு என்ன கஷ்டமோ, நான் குறை சொல்லவில்லை.

இயந்திரத்தையும் குறை சொல்லவில்லை. களைப்பிலும் மேகத்திலும் அது எவ்வளவு துணை என்று நீயே சொல்லியிருக்கிறாய். புயலில் வீம்புக்கு அணைத்திருந்தால், மன்னிப்புக் கேள் என்று முதலில் நானே சொல்வேன். ஆனால் நடந்தது அது இல்லையே! போன தசைன் பண்டிகைக்கு வந்தபோது சொன்னாயே, விமானம் மாதிரியே செய்துவைத்த பயிற்சிக் கூண்டில் வேண்டுமென்றே ஆட்டோபைலட்டை நிறுத்திவிட்டு உன்னிடம் கொடுத்தார்கள் என்று. "என் கை என் கை மாதிரியே இல்லப்பா. வேற யாரோடதோ மாதிரி தடுமாறுச்சு" என்றாய். பாலைவனத்துக்குப் போகுமுன் நம் மலைச்சரிவுத் தளத்தில், பக்கக் காற்றில், சின்ன விமானத்தைப் பூப்போல வைத்தவள் நீ! அன்று நீ கறிச்சோற்றைத் தொடவே இல்லை. அதற்குப் பிறகுதான் வானம் தெளிந்த நாளில், கேப்டன் ஒத்துக்கொண்டால், கொஞ்ச நேரம் கையால் ஓட்ட ஆரம்பித்தாய். ஒருநாள் அந்த இயந்திரம் இனி நீ பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டால், பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் உன் கையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

அதை ஆபத்து என்று சொல்வது பொய். பொய்க்குக் கீழே என் மகள் பெயர் இருக்கக் கூடாது.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அவ வேலை போச்சுன்னா நீ போய் ஓட்டுவியா? பெரிய பைலட்டு!" என்று கத்திவிட்டுப் பன்றிக்குத் தீனி வைக்கப் போய்விட்டாள். இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று, "என்னப் பத்தி என்ன எழுதுறே?" என்கிறாள். "அழகின்னு எழுதுறேன்" என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது என்று எனக்கு யாருமே சொல்லவில்லை!

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். கம்ப்யூட்டரிடம் கேட்காதே. ஒரு தாளை எடு. அந்த மன்னிப்பை முதலிலிருந்து கடைசிவரை உன் கையாலேயே எழுது. கை தடுக்காமல் போனால், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். கை நின்றுவிட்டால் அதைத் தள்ளாதே. நின்ற இடத்திலிருந்து நடந்ததை நடந்தபடி எழுதி, அதையே அவர்கள் மேஜையில் வை. வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். தலையைக் குனியாமல் வா. இங்கே வந்துபோகும் பைலட்டுகள், "சுப்னிமா எப்ப வர்றா?" என்று இன்னும் கேட்கிறார்கள்.

விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. நம் முன்னோர்கள் உனக்குத் துணையிருப்பார்கள்.

அம்மா ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரமாக உன் அறையில் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தேன். வெயிலே இல்லாத நாளில் உன் போர்வையை எடுத்து உதறிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஹர்கராஜ் ராய்