திங்கட்கிழமை எல்லா மெஷினும் ஓட வேண்டும்

வில்லியனூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தென்றலுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிரான்சுக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க செங்கழுநீர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடுகிற நேரத்தில் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் காகிதத்தில் எழுதி, பக்கத்து வீட்டு ரஞ்சனியிடம் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சேதராப்பட்டில் இருக்கிற நம் சின்ன யூனிட்டிலிருந்து பாட்டில் மூடி வாங்குகிற பெரிய கம்பெனி, சரக்கு கொடுக்கிற எல்லோரும் அரசாங்கத்தின் மின்சிக்கனத் திட்டத்தில் சேர்ந்தால் நல்லது என்றது. கட்டாயம் இல்லையாம், அவரவர் விருப்பமாம். சேராவிட்டால் ஆர்டர் வருமா என்று கேட்டால் மட்டும் சிரிக்கிறார்கள். அப்பாவும் சேர்ந்தார். திட்டத்து இன்ஜினியர் செல்வகுமாரிக்கு உன் வயதுதான் இருக்கும். ஒரு வாரம் மீட்டர் வைத்து இப்போது ஆகிற கரண்ட்டை அளப்போம், எங்கே வீணாகிறது என்று இலவசமாகச் சொல்லித் தருவோம், அடுத்த வருஷம் அந்த அளவில் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டினால் போதும் என்று பொறுமையாகத்தான் சொன்னாள். உன் அப்பா காதில் அளப்போம் என்பது மட்டும்தான் விழுந்தது. மீட்டர் வெச்சா ஃபைன் போடத்தான் வெப்பானுங்க, எனக்கா தெரியாது என்று அந்த வாரம் முழுக்கப் பாதி மெஷினை நிறுத்திவிட்டார். ஃபேன்கூடப் போட விடவில்லை, பாவம் வேலைக்கு வருகிற காசம்மாளும் மற்றவர்களும் வேர்த்து வழிந்துகொண்டே மூடி பொறுக்கினார்கள். மீட்டரைக் கழற்றியதும் ராப்பகலாக ஓட்டி ஆர்டரை முடித்தார். நான் பார்த்த யூனிட்டிலேயே உங்களுடையதுதான் சிக்கனம் என்று செல்வகுமாரி சொல்ல, எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார் மனுஷன்! பாதி ஓட்டிக் காட்டிய அளவிலிருந்து இன்னும் குறைக்க வேண்டுமே, முழுசும் ஓட்டினால் கூடித்தானே காட்டும் என்று நான்தான் கேட்டேன். பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றால், இன்னா மூஞ்சிய வெச்சிகினு சொல்றது, லட்டு வேற குடுத்துட்டேன் என்கிறார். கம்பெனி ஆர்டரை நிறுத்தினால் நம்மை நம்பி இருக்கிறவர்கள் எங்கே போவார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது தென்றல். அதனால் நேற்று, மூலக்குளம் கடைக்குப் போய் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிக் கிளம்பி, வழியிலேயே செல்வகுமாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்தால் எங்கே வீணாகிறது என்று எனக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி என்றாள். ரிப்போர்ட் இன்னும் கம்பெனிக்குப் போகவில்லையாம், திங்கட்கிழமை மறுபடி மீட்டர் வைப்பாளாம், இன்னொரு தரம் இப்படிச் செய்தால் திட்டத்திலிருந்து நம் பெயரை எடுத்துவிடுவார்களாம். அப்பாவுக்கு இது தெரியாது. அவள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. ஒன்றை மட்டும் மறக்காதே. திங்கட்கிழமை அவர் உனக்குத்தான் முதலில் போன் செய்வார். உங்கம்மா என் மானத்த வாங்கிட்டா என்று கத்துவார். கத்தி முடிக்கட்டும், எனக்காகப் பரிந்து பேசாதே. முடித்ததும், எல்லா மெஷினும் ஓடுதாப்பா என்று மட்டும் கேள். என்னிடம் என்றால் எதையாவது சொல்லிச் சமாளிப்பார். உன்னிடம் அவருக்குப் பொய் வராது.

உன் அம்மா,
கஸ்தூரி