நீ வேண்டுமென்றே தோற்ற தேர்வு

டங்கன் பெண்ட், மிசிசிப்பி
ஏப்ரல் 12, சனிக்கிழமை

அன்புள்ள ஜெரில்,

நானும் அப்பாவும் உன் தங்கை லட்ரீஸும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் பயிற்சிக்குப் போன அந்த அரிசோனா வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு, கண் நிறையத் தூங்கி இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நான் என்ன செய்தேன் தெரியுமா, காபிகூடப் போடாமல் பள்ளிக்கூட லாப்டாப்பைச் சமையலறை மேசையில் விரித்து வைத்து, கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் உனக்கு வைத்தார்களே, தலையில் அடிபடுவதற்கு முன்பே மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக் குறித்து வைக்கும் அந்தத் தேர்வு, அதை எழுதினேன். எங்கள் பள்ளியிலும் ஆட்டக்காரப் பிள்ளைகளுக்கு அதையே வைக்கிறார்கள், பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கினேன். பன்னிரண்டு சொல்லைக் காட்டி மறைத்துவிட்டு எவையெல்லாம் வந்தன என்று கேட்கிறது, கோணல்மாணலான வடிவங்களைக் காட்டுகிறது, சிவப்பு வந்தால் ஒரு விசை, நீலம் வந்தால் வேறொன்று. நாற்பத்தேழு வயதில், கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல், வெறும் வயிற்றோடு எழுதி, நூறு பேரில் எழுபது பேருக்கு மேலே வந்தேன். பதினெட்டு வயதில் நீ எழுதியபோது தொண்ணூறு பேருக்குக் கீழே இருந்தாயாம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே யோசிக்கிறாய், சொல்கிறேன், பொறுமையாகப் படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் எப்போது கூப்பிட்டாலும் உன் ஏஜென்ட் பக்கத்தில் இருக்கிறார், நீயும் நல்லாயிருக்கேம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தையாவது நீ தனியாகப் படிப்பாய்.

புதன்கிழமை மிஸ்டர் ஹால்வர்சன் வந்திருந்தார். எந்தத் தொழில்முறை ஃபுட்பால் அணிக்காக ஆள் பார்க்கிறார் என்று உனக்கே தெரியும், பெயரை எழுதவில்லை. வீட்டுக்கு வரும் முன்பே ஊரையே சல்லடை போட்டுச் சலித்துவிட்டார். பள்ளிச் சமையல்காரியிடம் போய், நீ சாப்பிட்ட தட்டை நீயே கொண்டுபோய் வைப்பாயா என்று கேட்டிருக்கிறார். முடி வெட்டும் கிளீவன் என்னைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டான். "டீச்சரம்மா, அந்த ஆளு முடி வெட்டிக்க வந்தான், தொப்பியக் கழட்டினா மண்டையில ஒரு முடி இல்ல! நான் எத வெட்டுறது? சும்மா உக்காந்துக்கிட்டு முக்கா மணி நேரம் நம்ம பையனப் பத்தியே தோண்டுறான். நானும் விடல, முகச்சவரம் பண்ணினேன்னு காசு வாங்கிட்டேன்" என்றான். சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. பிப்ரவரியில் எல்லா அணிக்காரர்களும் கூடி உன்னை ஜட்டியோடு மேடையில் நிறுத்தி, எடை போட்டு, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை கையை அளந்து உரக்கப் படித்தார்களே, அப்போது வந்த எரிச்சல் இன்னும் எனக்குத் தணியவில்லை. உன் கையை முதலில் அளந்தவள் நான், பிறந்தபோது என் ஒற்றை விரலைச் சுற்றிப் பிடிக்கத்தான் போதுமானதாக இருந்தது.

சரி, வீட்டுக்கு வந்தவருக்கு டீயும் டீகேக்கும் வைத்தேன். மூன்றைத் தின்று முடித்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, பையன் ஸ்கூல்ல தனி வகுப்புல படிச்சானா? படிக்கிறதுல ஏதாவது சிரமம்?" என்று கேட்டார். "அவன் என் வகுப்புலதான் படிச்சான். ஒரு வருஷம் முழுக்க ஊர்ல இருக்குற தவளைங்க பேரையெல்லாம் லத்தீன்ல சொல்லி என்னையே கேலி பண்ணினான். சிரமம் எனக்குத்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன் மருத்துவக் கோப்பில் அந்த முதல் வாரத் தேர்வின் மதிப்பெண் இருக்கிறதாம், அதைப் பார்த்துவிட்டு கல்லூரிப் பையன்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி எடுக்க அவருடைய அணி வைத்திருக்கும் பட்டியலில் உன் பெயரை மூன்றாம் சுற்றிலிருந்து ஆறாம் சுற்றுக்குத் தள்ளிவிட்டார்களாம். "நடுவுல நிக்கிறவன் அவன். எதிராளி அசையறதுக்குள்ள மத்த பத்து பேரையும் குரல் கொடுத்து இடம் மாத்தணும். ஆட்டத்தப் பாத்தா கெட்டிக்காரனாத்தான் தெரியுது, காகிதத்தப் பாத்தா மந்தம்னு இருக்கு. ரெண்டுல எது பொய்னு எனக்குப் புரியல. ஏதாவது ஞாபகம் வந்தா கூப்பிடுங்க" என்று சொல்லி, எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. முப்பது வருடமாக ஊர் ஊராக இந்த வேலையைப் பார்ப்பவர், பொய் எங்கே இருந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும் போலிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். இது நடவுக் காலம், முதுகு வலியோடு விதை லாரி ஓட்டிவிட்டு வந்திருந்தார். "மந்தம்னு சொன்னா சொல்லிட்டுப் போறானுங்க வெர்னி. பந்தத் தூக்கிட்டு வர்றவன மடக்கத் தெரியுதா இல்லையா? இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்ல ஆள் எடுத்துருவாங்க, அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்" என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டார். அவருக்கு முழுக்கதை தெரியாது. எனக்கே அன்று தெரியவில்லை. மறுநாள் கீரையைக் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் சட்டென்று நினைவு வந்தது. கிறிஸ்துமஸ் அன்றும் இதே தொட்டியில் கீரை கழுவிக்கொண்டிருந்தேன், பின்வாசல் படியில் நீயும் உன் சித்தி மகன் மார்லனும் உட்கார்ந்திருந்தீர்கள். ஆகஸ்டில் கல்லூரி அணியில் சேரப் போகிறவனுக்கு நீ புத்தி சொல்லிக்கொண்டிருந்தாய். "மொத வாரம் கம்ப்யூட்டர் டெஸ்ட் ஒண்ணு வைப்பாங்கடா, அதுல தூங்கி வழியிற மாதிரி தப்புத் தப்பா அமுக்கு. அப்புறம் மண்டையில எவ்ளோ அடி வாங்கினாலும் அதே மார்க்தான் வரும், ஒண்ணுமில்லன்னு உள்ள விட்டுருவாங்க. எனக்குப் பெரிய பசங்க சொல்லிக் குடுத்தாங்க, உனக்கு நான் சொல்றேன்." இருவரும் சிரித்தீர்கள். ஏதோ பையன்கள் பேச்சு என்று நானும் தண்ணீரை வடித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை ஜெரில். உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்த பெரிய பையன்கள்மேலா, தொண்ணூறு பேருக்குக் கீழே ஒரு பிள்ளை நிற்கிறானே, வகுப்பில் நன்றாகப் படிக்கிறவனாயிற்றே என்று ஒருவர்கூடக் கேட்காமல் கோப்பில் செருகி வைத்தார்களே, அவர்கள்மேலா? ஊரார் வாயில் மந்தம் என்று பேர் வாங்கத்தானா நான்கு வயதில் உன்னை மடியில் வைத்துச் செய்தித்தாள் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன்? ஆனால் உண்மையைச் சொன்னால் பெரிய கோபம் என்மேல்தான். இரண்டு வருடம் முன்பு அக்டோபரில், மழையில் நடந்த ஆட்டத்தில், ஒரு பையனோடு தலையோடு தலை மோதி எழுந்து நீ எதிர் அணியின் பெஞ்சுக்கு நடந்துபோனாய். அவர்களுடைய பயிற்சியாளர்தான் உன் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். அன்று உட்கார வைத்தார்கள். மறுநாள் ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் நீ போன் செய்து, லட்ரீஸுக்கு எந்தத் தேதியில் பிறந்தநாள் என்று கேட்டாய். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாய், வைக்கும் முன் மூன்றாம் முறையும் கேட்டாய். திங்கட்கிழமை தேர்வு வைத்தார்கள், பழைய மதிப்பெண்ணோடு சரியாகப் பொருந்திவிட்டது, அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்குள் ஓடிவந்தாய். நான் உயிரியல் வாத்தியார், மூளை என்றால் என்ன என்று வருடா வருடம் பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள். அந்த மூன்று கேள்வியையும் காதில் வைத்துக்கொண்டு, எழுந்து நின்று கை தட்டினேன்.

இங்கே சர்ச்சில் கூடத்தைக் கழுவி விட்டுவிட்டார்கள், அணிகள் ஆள் எடுக்கும் நாளன்று எல்லோரும் உட்கார்ந்து டிவியில் உன் பெயருக்காகக் காத்திருக்கப் போகிறார்களாம். நாற்பது சட்டையில் உன் எண்ணை அச்சடித்தாகிவிட்டது, அப்பாவின் சட்டை வயிற்றில் ஏறவில்லை. கெளுத்தி மீன் யார் பொரிப்பது என்று இரண்டு பேருக்குள் சண்டை வேறு. லட்ரீஸ் டிராம்போனில் உனக்காக ஏதோ வாசிக்கிறேன் என்று தினமும் எங்கள் காதை அறுக்கிறாள். இவ்வளவு பேரின் ஆசைக்கு நடுவே நின்று இதை எழுதுவது எனக்கு எளிது என்று நினைக்காதே. நான் வாயை மூடிக்கொண்டால் நீ ஆறாம் சுற்றிலாவது போவாய். அங்கேயும் அந்தப் பொய் மதிப்பெண் உன்கூடவே வரும், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஒன்றுமில்லை என்று சொல்லி உன்னை உள்ளே அனுப்பும். சொன்னால், நீ மந்தம் இல்லை என்பது தெரியும், மறைத்தவன் என்பதும் தெரியும், எந்தச் சுற்றிலும் உன் பெயர் வராமலே போகலாம். மூன்று நாளாக இரண்டையும் மாற்றி மாற்றி எடை போட்டுப் பார்க்கிறேன். எப்படிப் பார்த்தாலும் நாற்பது வயதில் தங்கையின் பிறந்தநாளை நினைவில் வைத்திருக்கிற மகன்தான் எனக்கு வேண்டியிருக்கிறது.

வெயிலில் ஓடும்போது தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் சேர்த்துக்கொள். வலது கணுக்காலுக்குக் கட்டுப் போடாமல் ஓடாதே. மார்லனை நீயே கூப்பிட்டு, அன்று சொன்னது தப்பு என்று சொல், அவனுக்கு நீ சொன்னால்தான் ஏறும். நீ போகும் வழியிலும் நிற்கும் இடத்திலும் கடவுள் உன் தலைமேல் தன் கையை வைத்திருக்கட்டும், அந்தத் தலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காக்கட்டும்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மிஸ்டர் ஹால்வர்சனின் எண்ணை இந்தத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். அப்பாவிடமும் போதகரிடமும் இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நான் அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். கடிதம் வியாழனன்று உன் கைக்கு வந்துவிடும். திங்கட்கிழமைக்குள் நீயே அவரைக் கூப்பிட்டுச் சொல்லி, அந்தத் தேர்வை மறுபடி வையுங்கள், இந்த முறை ஒழுங்காக எழுதுகிறேன் என்று கேட்டுவிடு. நான் கூப்பிடும்போது, தெரியும்மா, பையனே சொல்லிட்டான் என்று அவர் சொல்ல வேண்டும்.

உன் அம்மா,
வெர்னிட்டா