பின்சக்கரத்துக் கல்

12-9-1961, செவ்வாய். சாத்தூர்.

காலையில் டிரைவர் முத்தையாவின் லாரிக்கு ஹேண்ட் பிரேக் லைனிங் மாற்றினேன். பட்டறைக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. கீழே நின்ற முத்தையாவிடம், "பிடிக்குது" என்றேன். அவர் ஏறி அச்சங்குளத்துக்கு வெடி லோடு எடுக்கப் போனார்.

போன பிறகுதான் பார்த்தேன். பின்சக்கரம் நின்ற இடத்தில் கருங்கல் கிடந்தது. வண்டி எங்கே நின்றாலும் கல் வைப்பது அவர் பழக்கம். அப்படியென்றால் மேட்டில் வண்டியைப் பிடித்தது எது என்று எனக்குத் தெரியாது. சைக்கிளில் போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த வண்டி காத்திருந்தது. கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

மத்தியானம், பாதி லோடு ஏறியிருந்தபோது, கம்பெனி வாசல் சரிவில் லாரி பின்னால் உருண்டது. முத்தையாவின் கால் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. போர்வை தட்டையாகக் கிடந்தது. அவராகவே பேசினார்.

"அண்ணாச்சி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பாத்துத்தான் குடுத்தீக. அதான் புதுசாப் பிடிக்குதேன்னு, நாந்தான் கம்பெனி வாசல்ல கல்லு வைக்காம எறங்கிட்டேன்."

கல்லைப் பற்றிச் சொல்லத்தான் போயிருந்தேன்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டேன்.

கஞ்சி குடித்ததாகச் சொன்னார்.

சூடாக இருந்ததா என்று கேட்டேன்.