கீறல் விழாத கார்

9 செப்டம்பர் 2024

மணியாச்சி ஸ்டேஷன் வரை போய் மச்சினனை ரயிலேற்றிவிட்டு வந்தேன். போக வர, கார் பதினேழு தடவை கத்தியது. எண்ணினேன். பதினேழில் பதினைந்து இடது பக்கத்திலிருந்து. ஒரு தடவை நான் கேட்காமலே பிரேக்கும் போட்டுக்கொண்டது. பின்னால் வந்த லாரிக்காரன் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

போன வருஷம் மகள் பிடிவாதம் பிடித்து வாங்க வைத்த கார். ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் கத்தும், ஓரத்தில் ஆள் வந்தால் கத்தும், சும்மா போனாலும் கத்தும். முப்பத்தொரு வருஷமாக ஓட்டுகிறேன். தீக்குச்சி லோடு ஏற்றும் வேனில் ஆரம்பித்தவன். இன்றுவரை எந்த வண்டியிலும் ஒரு கீறல் கிடையாது. இப்போது ஒரு ஸ்பீக்கர் எனக்கு ரோடு காட்டுகிறது.

11 செப்டம்பர்

ஷோரூமில் காட்டினேன். சூப்பர்வைசர் கம்ப்யூட்டரை மாட்டி அரை மணி நேரம் பார்த்தார். சென்சார் எல்லாம் சரியாக இருக்கிறதாம். அப்படியென்றால் இடது பக்கம் மட்டும் ஏன் இந்தக் கத்து என்று கேட்டேன். இடது பக்கம் ஏதாவது இருந்திருக்கும் சார் என்றார். நல்ல பதில். இதற்குப் படிப்பு வேறு.

15 செப்டம்பர்

சென்னையிலிருந்து மகள் ப்ரியா பேசினாள். அவள் போனில் ஏதோ ஆப் இருக்கிறது. கார் அவளிடம் கோள் சொல்கிறது. போன மாதம் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கையாம். டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஐம்பத்தெட்டு ஆகிறது என்றாள். பூங்கொடி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அம்மாவும் மகளும் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

நான் நடத்துகிற தீப்பெட்டி ஆபீசில் விடிந்ததிலிருந்து ஒவ்வொருத்தர் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மெழுகு வரவில்லை, மெஷின் ஓடவில்லை, மழை, ஆள் இல்லை. கார் ஓட்டுகிற நேரம் ஒன்றுதான் எனக்கென்று இருக்கிறது. அதையும் கொடு என்றால்? பின் சீட்டில் மூட்டை மாதிரி உட்கார்ந்து போவதற்கு நான் இன்னும் தயாராகவில்லை.

22 செப்டம்பர்

மெக்கானிக் மாடக்கண்ணுவிடம் வயிற்றெரிச்சலைச் சொன்னேன். அவன் கோயம்புத்தூரில் ஒரு கார் இருக்கிறது என்றான். 1999 மாடல், ஜப்பானிலிருந்து வந்தது, ரெண்டே கதவு, ஆறு சிலிண்டர், பின் சக்கரம்தான் இழுக்கும். ஏபிஎஸ் கிடையாது, சறுக்கினால் பிடித்து நிறுத்துகிற எந்தச் சமாச்சாரமும் கிடையாது. 'பாத்து ஓட்டுனா தங்கம் அண்ணாச்சி. பாக்காம ஓட்டுனா ஆள முடிச்சிரும்' என்றான்.

அந்தக் கார்தான் வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். பூங்கொடியிடம் சொல்லவில்லை.

6 அக்டோபர்

கோவை. கார்க்காரர் பெயர் விஜயராஜ். ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவராம், இப்போது முதுகு ஒத்துழைக்கவில்லை. ஸ்டியரிங் கல் மாதிரி கனம், கிளட்ச் அதைவிட. அவினாசி ரோட்டில் ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டினேன். நான் மிதித்த அளவுக்குப் போனது, மிதித்த அளவுக்கு நின்றது. குறுக்கே ஒரு பேச்சு இல்லை. கீழே தார் எப்படி இருக்கிறது என்பது உள்ளங்கையில் தெரிந்தது.

சாவியைக் கொடுக்கும்போது விஜயராஜ் சொன்னார்: 'இது உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லாதுங்க. எல்லாம் நீங்களேதான் பாத்துக்கோணும்.' அதற்குத்தான் வாங்குகிறேன் என்றேன்.

8 அக்டோபர்

வீட்டில் நடந்ததை எழுத ஒரு நோட்டு போதாது. பூங்கொடி காரை ஒரு சுற்று சுற்றி வந்து, உங்களுக்குப் புத்தி கித்தி கலங்கிவிட்டதா என்று கேட்டாள். பிறகு போனில் ப்ரியாவைப் பிடித்துக் கொடுத்தாள்.

ப்ரியாவிடம் பந்தயம் கட்டினேன். பொங்கல் வரைக்கும் இந்தக் காரை மட்டும்தான் ஓட்டுவேன். ஒரு கீறல் விழுந்தாலும் ரெண்டு கார் சாவியும் உன் அம்மா கையில். விழவில்லை என்றால் சாகும்வரை என்னிடம் டிரைவர் பேச்சை எடுக்கக்கூடாது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். பூங்கொடி காரை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினாள், திருட்டுக் கேஸில் எடுப்பது மாதிரி.

19 அக்டோபர்

ஆபீஸ், பேங்க், இடைசெவல். கீறல் இல்லை.

5 நவம்பர்

ரெண்டு நாள் மழை. எட்டயபுரம் ரோட்டில் டிராக்டர்கள் உழுத காட்டை விட்டு ஏறி, சக்கரத்தில் அப்பிய கரிசல் மண்ணை எல்லாம் தாரில் உதிர்த்துவிட்டுப் போயிருக்கின்றன. வெண்ணெய் தடவினது போல இருந்தது. ஒரு வளைவில் பின்பக்கம் என்னை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பியது. காலை எடுத்தேன், அது போகிற பக்கமே ஸ்டியரிங்கைக் கொடுத்தேன், வந்துவிட்டது. யோசித்துச் செய்யவில்லை. பெட்டி அடைக்கிற பெண்கள் எண்ணிப் பார்க்காமலே ஒரு பெட்டிக்கான குச்சியை அள்ளுவார்களே, அப்படிக் கை தானாகச் செய்தது.

ஓரமாக நிறுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ரொம்ப நாளாகிறது இப்படிச் சிரித்து.

24 நவம்பர்

சாப்பாட்டில் பூங்கொடி ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறாள். இலையில் இடது ஓரத்தில் வைக்கிற எதையும் நான் தொடுவதில்லையாம். ஊறுகாய் அப்படியே கிடக்கிறதாம். பிடிக்காமல் போயிருக்கும் என்றேன். முந்தாநாள் நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டதையும் இதோடு சேர்த்துச் சொன்னாள். வீட்டிலும் ஒரு சென்சார் மாட்டிவிட்டார்கள் போல.

18 டிசம்பர்

பூங்கொடி முதல் தடவையாக இந்தக் காரில் ஏறினாள், கோயில் வரைக்கும். இறங்கும்போது, 'இது பேசாம வருது. அது நல்லாத்தான் இருக்கு' என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீறல் இல்லை.

7 ஜனவரி 2025

எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் விளாத்திகுளம் போய்க்கொண்டிருந்தேன். எட்டயபுரம் தாண்டி, உளுந்தஞ்செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் பாதி அகலத்துக்குப் பரப்பியிருந்தார்கள். இந்த மாதம் எல்லா ஊரிலும் இதுதான். பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும், காய் வெடித்து உளுந்து உதிரும். காய்ந்த செடி மேல் பிரேக்கை அழுத்தினால் இந்த மாதிரிக் கார் சறுக்கிக்கொண்டு போய்விடும். எனக்குத் தெரியாதா? ரெண்டாவது கியர், ஒரே சீரான வேகம், ஸ்டியரிங்கை அசைக்காமல் ஏறினேன். அழகாகப் போனது. அவர்களுக்கும் ஒரு மிதி மிதித்துக் கொடுத்தது மாதிரி ஆயிற்று என்றுகூட நினைத்தேன்.

பாதி தூரத்தில் ஒருவர் கையைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்தார். மெல்ல நிறுத்தினேன். பார்த்தால் பிச்சையா. முன்பு நம் ஆபீசில் வாட்ச்மேனாக இருந்தவர். காரைப் பற்றி விசாரிக்க வருகிறார் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கினேன். தினமும் யாராவது விசாரிக்கிறார்கள். அவர் குனிந்து, சத்தம் போடாமல் சொன்னார்.

'அண்ணாச்சி, கொஞ்சம் பின்னால எடுங்க. சேலை மாட்டியிருக்கு.'

எந்தச் சேலை என்று கேட்டேன்.

பின்னால் எடுத்துவிட்டு இறங்கிச் சுற்றி வந்தேன். அவர் மனைவி பாலம்மாள் ரோட்டோரம் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், கையில் செடியைப் புரட்டுகிற கம்பு. அவளுடைய மஞ்சள் சேலைத் தலைப்பில் என் இடது டயரின் தடம். நீட்டியிருந்த காலை அவள் இழுத்துக்கொண்டிருக்கிறாள். தலைப்பை இழுக்க நேரமில்லை. தடத்துக்கும் அவள் கால் கிடந்த இடத்துக்கும் ஒரு சாண் இருக்கும். எழுந்திருக்க முடியாமல் அப்படியே இருந்திருக்கிறாள்.

காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். எத்தனையோ வண்டி விலகிப் போயிருக்கிறது. மஞ்சள் சேலை. பட்டப் பகல். நான் பார்க்கவில்லை. கவனிக்காமல் விட்டேன் என்றில்லை, அங்கே ஒரு ஆள் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. எப்படிடா தெரியாமப் போச்சு? ஒரு மனுஷி முழுசா உக்காந்திருக்கா, ஒனக்குக் கண்ணு எங்க இருந்துச்சு?

இதில் அவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். 'ரோட்டுல போட்டது எங்க தப்புதான் அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க' என்றாள் பாலம்மாள். ரோட்டில் பரப்பினால் போலீஸ் சத்தம் போடும், கார்க்காரர்கள் வைவார்கள். பாவம், எழுந்து தூசியைத் தட்டுவதற்குள் வாயில் அதுதான் வந்தது. பிச்சையா குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தார். 'வண்டிக்கு ஒண்ணும் ஆகலல்லா?'

ஆகவில்லை. கீறல் இல்லை.

8 ஜனவரி

வெயில் கண்ணில் அடித்தது. சீட் ரொம்பத் தணிவு. கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் மறைத்திருக்கும்.

பன்னிரண்டு மணி வெயில் எந்தக் கண்ணில் அடிக்கும்? மூன்று மாதமாக இதே சீட்டில்தானே உட்கார்ந்து ஓட்டுகிறேன்?

14 ஜனவரி

பொங்கல். ப்ரியா நேற்றே வந்துவிட்டாள். இன்று காலை பானை இறக்கியதும் போனில் பழைய போட்டோக்களை வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கதவிடுக்கு, பம்பருக்கு அடி, எதையும் விடவில்லை. பிறகு நிமிர்ந்து, 'ஒத்துக்கிடுதேன்ப்பா. நீங்க ஜெயிச்சிட்டீங்க' என்றாள். என் கண் முன்னாலேயே அந்த ஆப்பையும் அழித்தாள். இனிமேல் உங்களை வேவு பார்க்க மாட்டேன் என்றாள். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். பூங்கொடிக்கும் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

அந்த மஞ்சள் சேலையைப் பற்றி நான் சொல்லவில்லை. வாயில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது, அதனால் பேசவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

17 ஜனவரி

ப்ரியா நேற்றே சென்னைக்குப் போய்விட்டாள். ஆபீசில் பொங்கல் லீவு, ஆள் இல்லை. என் அறையில் எதிர்ச்சுவர் காலண்டரை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டினேன், தெரிந்தது. இடது கையை நீட்டி ஆட்டினேன்.

கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தேன். கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் விரல் தெரிந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன்.

அந்த ஸ்பீக்கர் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

21 ஜனவரி

திருநெல்வேலி. காரை எடுக்கவில்லை, ரயிலில் போனேன். வீட்டில் வேறு வேலை என்று சொன்னேன்.

கண்ணாஸ்பத்திரியில் வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றி எங்காவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் கையிலிருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். 'இல்ல சார், ஓடிக்கிட்டுத்தான் இருக்கு' என்றாள். அவள் குரல் அதற்குள் மாறியிருந்தது.

கண் நன்றாக இருக்கிறதாம். சிக்கல் கண்ணுக்குப் பின்னால். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் பார்வைக்கான இடத்தில் ஒரு சின்ன அடைப்பு எப்போதோ வந்து போயிருக்கிறது. போன வருஷம் கடுமையான தலைவலி ஏதாவது வந்ததா என்று டாக்டர் கேட்டார். ஜூனில் ரெண்டு நாள் வந்தது. தைலம் தேய்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். ரெண்டு கண்ணிலும் பார்வையில் இடது பாதி இல்லை. மூளை மிச்சத்தை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளுமாம், இருட்டாகக்கூடத் தெரியாதாம். போனது திரும்பாது. இன்னொன்று வராமலிருக்க மாத்திரை. வண்டியைப் பற்றி நான் கேட்கவே இல்லை, அவரே சொன்னார். சைக்கிள்கூட வேண்டாம் என்றார்.

22 ஜனவரி

பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உளுந்துச் செடி, மஞ்சள் சேலை, பொங்கலன்று வாயை மூடிக்கொண்டு இருந்தது, ஆஸ்பத்திரி. ரெண்டு சாவியையும் மேஜையில் வைத்தேன். அவள் சாவியைப் பார்க்கவில்லை.

'அந்தப் பொம்பள காலுக்கு ஒண்ணுமில்லியே?' என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பிறகு ப்ரியாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நீங்கள் ஜெயித்ததாக நான்தான் சொல்லிவிட்டேனே அப்பா, நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அய்யோ, நான் அப்படிச் சொல்லவில்லை என்றாள். புரிகிறது என்றேன். ஒரு வாரம் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

9 பிப்ரவரி

விளாத்திகுளத்தில் மாமா பேத்திக்குக் கல்யாணம். இப்போது ஆபீசுக்குப் போக வர வைத்திருக்கிற டிரைவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. நானும் பூங்கொடியும் பஸ்ஸில் போனோம். அவள் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள். இப்போதெல்லாம் எங்கே போனாலும் அந்தப் பக்கம்தான் நடக்கிறாள், சொல்லிக்கொள்வதில்லை.

எட்டயபுரம் தாண்டி இப்போது சோளக்கதிர் போட்டிருக்கிறார்கள். பஸ் அதன் மேல் ஏறியது. கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் மூன்று பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர்களை விட்டு விலகிப் போனார்.

மண்டபத்து வாசலில் பந்தல்காரர் முதல் சமையல்காரர் வரை எல்லோரும் அந்தக் காரைத்தான் கேட்டார்கள். பஸ்ஸிலா வந்தீர்கள், கார் என்ன ஆயிற்று, எங்காவது இடித்துவிட்டதா என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார்.

'காருக்கு ஒண்ணும் இல்ல' என்றேன். 'அது நல்லாத்தான் இருக்கு.'