குடைக்குள் காண்டாமிருகம்

மார்ச் 3

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்திற்கு உரிய காலத்தில் மறுமொழி எழுதத் தவறியமைக்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறேன். தாங்கள் அனுப்பிய படங்களை வந்த அன்றே பார்த்துவிட்டேன். பார்த்த கையோடு எழுதியிருந்தால் கடிதம் கடிதமாக இருந்திராது.

நான் எழுதித் தாங்கள் வரைந்த ஒன்பது புத்தகங்களிலும் நம் குடையார் ஒருவரையும் முட்டியதில்லை. காண்டாமிருகமாகப் பிறந்தும், மூக்கின்மேல் அத்தனை பெரிய கொம்பை வைத்துக்கொண்டும், கோபம் வந்தால் குடையை விரித்து அதற்குள் உட்கார்ந்துகொள்வார்; தணிந்ததும் மடக்கிக்கொண்டு எழுந்து வருவார். குழந்தைகள் அவரை நேசித்தது அதற்காகவே. தங்கள் நிறுவனமோ பல கம்பெனிகளின் கதைப் பாத்திரங்களை ஒரே மைதானத்தில் இறக்கி, ஒன்றையொன்று அடிக்கவிடும் கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறது. அங்கே நம்மவர் சோப்பு விளம்பரத்து வாத்தைக் கொம்பால் குத்தித் தூக்குகிறார். வாத்து காசுகளாய்ச் சிதறுகிறது. குடையிலிருந்து குண்டுகள் பாய்கின்றன.

தங்கள் அண்ணனிடம் காட்டினேன். "கொம்புன்னு இருந்தா குத்தத்தானேம்மா செய்யும்?" என்றார். அன்று அவர் காபியை அவரே போட்டுக்கொண்டார்.

நம் இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் அவரைப் பயன்படுத்த முடியும் என்கிறீர்கள். என் கையெழுத்து கிடைக்காது.

இப்படிக்கு,
தங்கள் அண்ணி

*

மார்ச் 9

அண்ணி,

"நாத்தனார் அவர்களுக்கு"ன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, நான் செத்தேன்னு. நீங்க ஒரு தடவை "தாங்கள்"னு எழுதினா ஒரு அறை விழுந்த மாதிரி. கடிதம் முடியறதுக்குள்ள கன்னம் வீங்கிடுச்சு. போன்ல அஞ்சு நிமிஷத்துல திட்டித் தீர்க்க வேண்டியதை ஸ்டாம்பு ஒட்டித் திட்டறது உங்களால மட்டும்தான் முடியும்.

ஆனா ஒண்ணு யோசிங்க. குடையாரை வரைஞ்ச கைன்னுதான் இங்க என்னை வேலைக்கே எடுத்தாங்க. அவர் வரலைன்னா இவ எதுக்குன்னு கேப்பாங்க.

மேலாளர்கிட்ட சண்டை போட்டு மாத்திட்டேன். குண்டு கிடையாது. முட்டறது கிடையாது. குடை இனிமே வெறும் கேடயம். யார் அடிக்க வந்தாலும் விரிச்சுப்பார், அவர் மேல ஒரு அடி படாது. இப்பவாவது கையெழுத்துப் போடுங்களேன், ப்ளீஸ்.

உங்க வாலு

*

மார்ச் 16

அன்புள்ள வாலுவுக்கு,

"தாங்கள்" போய்விட்டது, கன்னத்தைத் தடவிக்கொள்.

எனக்காக நீ வாதாடியதற்கு நன்றி. எனினும் அந்தக் கேடயக்காரரும் நம்மவர் அல்லர். பிறர் அடியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத்தான் கேடயம். குடையார் தம் கோபத்திலிருந்து பிறரைக் காக்கவல்லவா குடை விரித்தார்!

பள்ளிக்கூடம் பாதியில் நின்றபின் நூலகத்தில் உட்கார்ந்து நானே கற்றுக்கொண்டவை ஏராளம். இது அங்கே கற்றதன்று. நான் திருமணமாகி வந்த புதிதில், ஒரே சமையலறையில் நாமிருவரும் முட்டிக்கொண்ட நாட்களில், ஏதேனும் சொல்லி உன்னைப் புண்படுத்திவிடுவேனோ என்று அஞ்சி, குடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். வெயிலும் மழையுமில்லாத ஒரு மாலையில் நீ பின்னாலேயே வந்து என்னைப் படமாக வரைந்தாய். கீழே, உள்நோக்கித் திரும்பிய என் பாதங்கள். மேலே, குடைத்துணியைக் கிழித்துக்கொண்டு ஒரு கொம்பு. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். முதல் கதையை அன்றிரவே எழுதினேன்.

அந்தக் கொம்பு என்னுடையது, வாலு. உன் வேலையை நான் அற்பமாக நினைக்கவில்லை. நினைத்திருந்தால் முதல் கடிதம் அவ்வளவு தாமதமாகியிருக்காது. ஆயினும் கையெழுத்திட இயலாது.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 27

அண்ணி,

நீங்க எழுதினதைக் கூட்டத்துல அப்படியே சொன்னேன். "கோபம் வந்தா சும்மா உக்காந்துக்கிற காண்டாமிருகத்தை எவன் காசு குடுத்து ஆடுவான்?"னார் மேலாளர். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அப்புறம் திரையைப் பார்த்தேன். மைதானத்து நடுவுல நம்ம குடையார் நிக்கறாரு, பாதம் ரெண்டும் உள்பக்கமா திரும்பியிருக்கு. இத்தனை வருஷமும் உங்க காலைத்தான் வரைஞ்சிருக்கேன்.

படங்களைத் திருப்பி வாங்கிட்டேன். கொம்பு இருக்கற வேற எதையோ போட்டுக்கறாங்களாம். எனக்கு இந்த மாசத்தோட வேலை இல்லை.

நீங்க சொன்னது சரிதான். சரியா இருக்கறதாலதான் இன்னும் கோபமா வருது. சரியா இருக்கறதுக்கு வாடகை யாரு கட்டறது? இதுக்கு மேல எழுதினா முட்டிடுவேன். குடையை விரிச்சாச்சு. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதீங்க.

*

ஏப்ரல் 20

அன்புள்ள வாலுவுக்கு,

எழுதாதே என்றாய், மீறுவதற்குப் பொறுத்தருள்க. உன் கடைசிக் கடிதத்தில் பெயரெழுதக்கூட மறந்திருந்தாய்.

நம் மூன்றாம் புத்தகத்தில் குடை விரிந்திருக்கும் பக்கத்தின் ஓரத்தில் ஓர் ஆமை வரும். அழைக்காது, தட்டாது; குடைக்கு முதுகைக் காட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கும். நான் எழுதிய கதையில் ஆமையே இல்லை. நீயாகத்தான் வரைந்து சேர்த்தாய். அது யாரென்று நான் கேட்டதுமில்லை, நீ சொன்னதுமில்லை. இப்போது அவ்விடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மாடியறையை ஒழித்து, உன் பழைய மேசையைச் சன்னலோரம் நகர்த்தியாயிற்று. உன் அண்ணன்தான் தூக்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "வாடகை கேக்கமாட்டேன்னு எழுது. ஆனா காபி அவ போடணும்" என்கிறார்.

குடையை மடக்கியதும், ஒரே வரியானாலும் சரி, விரைந்து பதில் எழுதவும்.

அண்ணி