ராசம்மா சொன்ன வசனம்

இன்று காலை நம் அலுவலகத்தின் இரும்பு அலுமாரியைத் திறந்தபோது கராம்பு வாசம் முகத்தில் அடித்தது. கீழ்த்தளத்தில் கட்டடச் சொந்தக்காரர் ஹாஜியார் கராம்பும் சாதிக்காயும் அடுக்கி வைத்திருப்பார், உனக்குத் தெரியும். இத்தனை வருடங்களில் அந்த வாசம் படியேறி வந்து நம் கோப்புகளில் குடியேறிவிட்டது. கொழும்பில் ஓர் அமைச்சு அதிகாரி நம் அறிக்கையை விரித்ததும் மூக்கைச் சுருக்கி, "இதென்ன புரியாணி வாசம்?" என்று சிங்களத்தில் கேட்டார். "மாத்தளை வாசம் சேர்" என்றாய் நீ, சிரிக்காமல். இன்று அலுமாரியைத் திறந்தது காலி செய்வதற்குத்தான். மாத முடிவில் சாவியை ஹாஜியாரிடம் கொடுக்க வேண்டும்.

மாத்தளையில் வெளியுறவுக் கொள்கை ஆய்வு மையம் என்று நீ தொடங்கியபோது, நம்மோடு அரசறிவியல் படித்தவர்கள் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். உன்னிடம் சொன்னதில்லை. "எல்கடுவ தோட்டத்து லயத்துக்கு வந்து பாரு புள்ள" என்றாய். "பொம்புள வெளிநாட்டுல ஈக்கிறா, புள்ளைகள் இங்க ஈக்கி. அந்த நாட்டோட நம்ம அரசாங்கம் என்ன பேசுது எங்கிறது அந்த வீட்டுக்குத்தான் முதல்ல தெரியணும்." பார்க்கத்தான் வந்தேன். பிறகு திரும்பிப் போகவில்லை.

உன் வேலைமுறை எனக்கு நெடுநாள் பிடிக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண்களுக்கான ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நாம் எழுதும் ஒவ்வொரு பரிந்துரையையும், கொழும்புக்கு அனுப்பும் முன் லயத்து வரிசை வீடுகளின் முன்னால் உரக்க வாசிப்பாய். வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் உட்கார்ந்து கேட்பார்கள். யாருக்கு ஒரு வரி ஒப்பவில்லையோ அவர் கையிலேயே பேனையைக் கொடுத்து வெட்டச் சொல்வாய். எழுதத் தெரியாதவர்களும் வெட்டினார்கள். இது ஆராய்ச்சியா, கூட்டமா என்று நான் முணுமுணுத்துக்கொண்டு ஓரமாக இருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், பணியாளரின் பாஸ்போட் அவர் கையிலேயே இருக்க வேண்டும் என்ற வரியை நீ வாசித்தாய். அது நான் எழுதியது. மூன்று நாட்டு ஒப்பந்தங்களை ஒப்பிட்டு எழுதியது. ராசம்மா தலையை ஆட்டினாள். வெளிநாட்டில் பல வருடம் ஒரு வீட்டுக்குள் பூட்டப்பட்டுக் கிடந்து வந்தவள்.

"பாஸ்போட்ட கையில குடுத்துட்டுக் கதவப் பூட்டிட்டுப் போனாங்கன்னா என்னா செய்றது மிஸ்? அது பேசுமா? போனக் குடுக்கச் சொல்லுங்க. வாரத்துக்கு ஒருக்கா வீட்டோட பேச விடச் சொல்லுங்க. அதுதான் மொதல்ல."

நீ பேனையை நீட்டினாய். அவள் என் வரியின் மேல் ஒரு சாய்ந்த கோடு போட்டாள். "மிஸ் கோவிச்சுக்காதீங்க, உங்க எழுத்து அழகாத்தான் இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னதும் லயமே சிரித்தது. நீ அதிகமாகச் சிரித்தாய். பாஸ்போட் இரண்டாவதாகப் போனது. ராசம்மா சொன்னது முதலாவதாக ஏறியது.

பல மாதங்கள் கழித்து அமைச்சு தயாரித்த அந்த ஒப்பந்தத்தின் வரைவு நம் பார்வைக்கு வந்தபோது, நடுப்பக்கத்தில் அந்த வசனம் இருந்தது. "ராசம்மாக்காட வசனம் ஈக்கி, பாரு!" என்று நீ மேசையைத் தட்டினாய். வேறு பலரும் இதைக் கேட்டிருப்பார்கள், நம்மால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது என்றேன் நான். நீ மேசையைத் தட்டுவதை நிறுத்தினாய். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

அதன்பின் உனக்கு நோய் வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் நீ கிடந்த நாட்களில்தான், நம்மைத் தாங்கிக்கொண்டிருந்த நன்கொடை நிறுவனத்தின் புதுப்பித்தல் படிவம் வந்தது. உங்கள் பணியால் நேர்ந்த மாற்றம் என்ன என்று ஒரு கேள்வி. பெரிய கட்டம். நான் அதில் ஒரு வரி எழுதினேன்: வரைவில் ஏற்பட்ட மாற்றத்துக்கு எமது பணியே காரணம் என்று கூற ஆதாரம் இல்லை. போனில் நீ கேட்டாய், "எழுதிட்டியா?" எழுதிவிட்டேன், பொய் ஒன்றும் எழுதவில்லை என்றேன். "உண்மையத்தான் செல்லணும் புள்ள. ஆனா முழுசாச் செல்லு" என்றாய். முழுதாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்து அனுப்பிவிட்டேன்.

உன் ஜனாசாவை அடக்கத்துக்கு எடுத்தபோது உன் உம்மாவின் பக்கத்தில் உள்ளறையில் நின்றேன். சில வாரங்களில் நன்கொடை நிறுவனத்தின் பதில் வந்தது. என் நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பலனைக் காட்டக்கூடிய பணிகளுக்கே இனி உதவ முடியும் என்றும் இருந்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன்பிறகு வேறு எத்தனையோ இடங்களுக்கு எழுதினேன். எல்லாரும் மரியாதையாகவே மறுத்தார்கள். இதற்கிடையில் வரைவின் புதிய பிரதி வந்தது. அந்த வசனம் அதில் இல்லை. கொழும்புக்குப் போய் வாதாட ஆள் இல்லை. நான் அமைச்சுக்கு எழுதிய கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது.

இன்று காலை அலுமாரியில், ராசம்மா கோடு போட்ட அந்தத் தாள் கிடைத்தது. அதைப் படிவத்தோடு இணைத்திருக்கலாம். ஒரு பெண் சொன்னாள், நாங்கள் எழுதிக் கொடுத்தோம், பிறகு அது வரைவில் இருந்தது என்று மூன்று வரி எழுதியிருக்கலாம். அதில் பொய் எதுவும் இல்லை. எனக்குத் தோன்றவேயில்லை.

தாளைக் கையில் வைத்திருந்தபோதே ராசம்மா படியேறி வந்தாள். அவள் மகள் அடுத்த வாரம் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாளாம்.

"அந்தப் போன் விசயம் சட்டமாயிருச்சா மிஸ்?"

"இல்ல ராசம்மா. எடுத்துட்டாங்க."

அவள் உன் நாற்காலியைப் பார்த்தாள். "அந்த மிஸ் இருந்தா கொழும்புக்கே போயிருப்பாங்க" என்றாள். "சரி, அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. இங்கிலீசுல. புள்ளகிட்ட குடுத்து விடுறேன்."

"அதுக்கு ஒரு மதிப்பும் இல்ல ராசம்மா. அங்க யாரும் பார்க்க மாட்டாங்க."

"தெரியும் மிஸ். ஏஜென்சிக்காரன் குடுக்குற தாளுக்கு மட்டும் என்னா மதிப்பு? நீங்க சீல் வச்சுக் குடுங்க."

இன்னும் சில நாட்களில் இல்லாமல் போகப்போகும் ஒரு மையத்தின் பெயரில், எவரையும் கட்டுப்படுத்தாத அந்த வசனத்தை எழுதினேன். கீழே முத்திரை வைத்தேன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டேன் என்றிருந்த அதே கை. ராசம்மா மை காயும்வரை ஊதினாள், நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அலுமாரி காலியாகிவிட்டது. முத்திரையை மட்டும் மற்றவற்றோடு கட்டி வைக்கவில்லை. அது என் கைப்பையில் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடமிருந்து முதல் போன் வந்ததா என்று ராசம்மாவிடம் கேட்க வேண்டும். எந்த வாரம் கேட்பது என்று தெரியவில்லை.